இலவச ஆபரேஷனுக்கு ஆன செலவு

சராசரிச் செலவு இவ்வளவு என்று யாராவது ஒரு தொகையைச் சொன்னால், "யாருக்கு?" என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மதுரையில் புள்ளியியல் நடத்திப் பிழைத்தவன் நான். எங்கள் பாடப்புத்தகத்தில் எடுகோள் சோதனை என்று ஓர் அத்தியாயம் உண்டு. பல்பு எத்தனை மணி நேரம் எரியும், சிமெண்ட் மூட்டையில் சொன்ன எடை இருக்கிறதா என்ற மாதிரிக் கணக்குகள். மத்தியான வகுப்பில் அதை எடுத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மதுரைக்காரர்கள் கண்ணாஸ்பத்திரிச் செலவைச் சோதித்த கதையைச் சொல்வேன். அது ஊர்ப் பெருமைக்காகச் சொன்னதல்ல. செலவைப் பற்றித் தாங்களே சொன்னதைத் தாங்களே சந்தேகப்பட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எந்த ஊரிலும் அதிகம் இல்லை.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். டாக்டர் வி என்றால்தான் பலருக்குத் தெரியும். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் டாக்டராக ஆசைப்பட்டவர், அந்த விரல்களோடு கண் அறுவைக்கு வந்தார். 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இரண்டு வருஷத்தில் அதன் கண் பிரிவுக்குத் தலைவரானார். இன்றைக்கு ராஜாஜி மருத்துவமனை என்கிறோமே, அது அன்றைக்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. அங்கே இருந்துகொண்டே கிராமங்களில் முகாம் போட்டார். 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், முடியாதவருக்கு இலவசம் என்பது ஏற்பாடு.

அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷன் வேறு மாதிரி. கண்ணின் லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள்; அதற்குப் பதில் சோடா புட்டி அடி மாதிரி ஒரு கண்ணாடி. புரை நன்றாக முற்றினால்தான் எடுப்பது என்று வழக்கம். அதனால் "பூ விழுந்திருக்கு, இன்னும் முத்தட்டும்" என்று ஊரே காத்திருக்கும். காத்திருந்து காத்திருந்து இரண்டு கண்ணும் போன பிறகு, ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் பாக்கியசாலிகள். வராதவர்கள் கதைதான் இங்கே விஷயம்.

முகாமில் பரிசோதனை இலவசம், ஆபரேஷன் இலவசம், கண்ணாடியும் இலவசம். அப்படியென்றால் நோயாளிக்கு ஆகும் சராசரிச் செலவு பூஜ்யம். யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சுவரில் எழுதிய விளம்பரத்துக்கு அதுதான் அர்த்தம். பூஜ்யம் என்றால் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். அலைமோதவில்லை. கண் தெரியாதவர் என்று முகாமிலேயே கண்டுபிடித்து, ஆபரேஷனுக்கு வாருங்கள் என்று தேதி கொடுத்தாலும் பலர் வரவில்லை. ஏன் என்று டாக்டர் வியும் கிரிஜா பிரில்லியண்ட் என்ற ஆய்வாளரும் விசாரித்து 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் கண்புரை ஆபரேஷனுக்குக் குறுக்கே நிற்கும் சமூக, பொருளாதாரத் தடைகள் என்பது அதன் பொருள்.

தடை எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குக் கட்டுரை தேவைப்படவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா இருந்தது. வலது கண் முழுசாக வெள்ளை, இடது கண்ணில் நிழலாட்டம். சும்மாதானே பண்ணுகிறார்கள், வா என்று கூப்பிட்டால் அது சொன்ன பதில் இது: "ஓசிதான்ப்பு. நான் போயி அஞ்சாறு நாளு படுத்துக்கிட்டா ஆட்டுக்கு எவன் தழை ஒடிப்பான்? ஒங்கப்பன் கூட வந்தான்னா அவனுக்குக் கூலி போச்சு. பஸ்ஸுக்கு ரெண்டு பேரு, சோத்துக்கு ரெண்டு பேரு. வீட்டுக்கு வந்தப்பறம் ஒரு மாசம் குனியாத, வெறகு தூக்காதம்பாக. அதுக்கு எவன் குடுப்பான்?" நான் நோட்டில் அதை வரிசையாக எழுதிக் கூட்டினேன். பஸ், சாப்பாடு, அப்பாவின் கூலி, அப்பத்தாவின் ஒரு மாதக் களைவெட்டுக் கூலி, ஆட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏதாவது. அந்தக் கிழவி எழுத்தறியாதது. ஆனால் பொருளாதாரப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதும் மறைமுகச் செலவு முழுவதையும் ஒன்று விடாமல் விரலில் எண்ணிவிட்டது. ஆஸ்பத்திரியின் பேரேட்டில் இதில் ஒரு பைசாகூட வராது.

இந்த இடத்தில்தான் கரும்பலகைக்குத் திரும்புவேன். இது நான் கட்டிய கணக்கு, எந்த ஆய்வின் கணக்கும் அல்ல. இலவச ஆபரேஷனுக்கு வரும் ஒருவருக்குக் கைச்செலவு சராசரியாக 300 ரூபாய் ஆகிறது என்று ஒருவர் சொல்கிறார். அதுதான் இன்மை எடுகோள். பொய் என்று காட்டும்வரை அது நிற்கும். நாம் 16 பேரை விசாரிக்கிறோம். சராசரி 360 வருகிறது, திட்ட விலக்கம் 120. பதினாறின் வர்க்கமூலம் நான்கு. 120-ஐ நான்கால் வகுத்தால் திட்டப்பிழை 30. நாம் கண்டது கூற்றிலிருந்து 60 ரூபாய் தள்ளி நிற்கிறது, அதாவது இரண்டு திட்டப்பிழை. அட்டவணையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் சோதிக்கிறவர் ஐந்து சதவீத நிலையில் 2.131-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை, கூற்று பிழைத்தது. செலவு 300-க்கு மேல் இருக்குமோ என்று ஒரு பக்கம் மட்டும் சந்தேகப்பட்டவருக்கு 1.753 போதும். அவர் கணக்கில் கூற்று விழுந்தது. ஒரே பதினாறு பேர், ஒரே காசு, இரண்டு தீர்ப்பு. எந்தப் பக்கம் சந்தேகப்படுகிறோம் என்பதை ஆட்களை விசாரிப்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான். விடையைப் பார்த்துவிட்டுப் பக்கம் மாறுகிறவனை எங்கள் தொழிலில் மன்னிப்பதில்லை.

இன்னும் ஒன்று. அந்தப் பதினாறு பேரில் ஒருவர் வாடகைக் கார் எடுத்து 760 ரூபாய் செலவழித்தவர் என்று வையுங்கள். அவரை எடுத்துவிட்டால் மிச்சப் பதினைந்து பேரின் சராசரி 333-ஆக இறங்குகிறது. 300-க்கு நெருங்கி வந்துவிட்டது. கூற்று இன்னும் பத்திரமாக நிற்கும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் திட்ட விலக்கம் 57-க்கு விழுந்து, விகிதம் 2.27 ஆகிறது, வேண்டியது 2.145. இரு பக்கச் சோதனையிலேயே கூற்று சரிந்துவிடுகிறது! கார்க்காரர் சராசரியை மட்டுமா தூக்கினார், சிதறலையும் அல்லவா தூக்கி வைத்திருந்தார். அதற்காக அவரை இஷ்டத்துக்கு வெளியே தள்ளவும் கூடாது. அவரும் ஒரு நோயாளி. அவர் ஊருக்குப் பஸ் இல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த அட்டவணைக்கு மூலம் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலை. அங்கே வேலை பார்த்த வில்லியம் காசெட் என்பவர், பார்லியையும் பீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சோதிக்க முடிகிறது, சின்னக் கூறை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதியது. ஐந்து சதவீதம் என்ற எல்லைக்கோட்டைப் பின்னாளில் பரப்பியவர் ஃபிஷர். அந்தக் கோட்டில் தெய்வீகம் ஒன்றும் கிடையாது.

மதுரைக்கு வருவோம். பிரில்லியண்டும் அரவிந்தின் துளசிராஜும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 1991-இல் வெளிவந்த ஆய்வு, என் கணிப்பில் இந்த ஊரில் நடந்த மிக நல்ல சோதனைகளில் ஒன்று. செலவுதான் தடை என்றால் செலவை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார்கள். 90 கிராமங்கள். விழிப்புணர்வுப் பிரசாரமும் பண உதவியும் கலந்து எட்டு வகை ஏற்பாடுகள்; எந்தக் கிராமத்துக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாக ஒதுக்கினார்கள். ஓர் இடத்தில் ஆபரேஷன் மட்டும் இலவசம். இன்னோர் இடத்தில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து இலவசம். ஓர் இடத்தில் சும்மா அறிவிப்பு. இன்னோர் இடத்தில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்து கண் தெரிய வந்த ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவார். எட்டு மாதம் கழித்துப் போய்க் கணக்கெடுத்தார்கள். முழுச் செலவையும் ஏற்றதும், அந்தக் கண்ணாடிக்காரர் வாசலில் வந்து நின்றதும் பலன் தந்தன.

இதில் என்னைக் கவர்ந்தது விடை அல்ல. சோதனையின் அலகாகக் கிராமத்தை எடுத்தார்கள் பாருங்கள், அதுதான். ஆயிரக்கணக்கான ஆட்களை விசாரித்திருக்கிறோமே, கூறு எவ்வளவு பெரிசு என்று மார்தட்டியிருக்கலாம். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் தனித்தனி ஆட்கள் அல்ல. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முதலில் போன கிழவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தால் பின்னாலேயே தெருவே கிளம்பும். அவருக்குச் சீழ் பிடித்துவிட்டால் அந்த ஊரில் பத்து வருஷத்துக்கு எவரும் அசையமாட்டார்கள். ஒரு தெருவில் ஐம்பது பேரைக் கேட்டாலும் கையில் கிடைப்பது ஐம்பது விஷயம் ஆகாது, இரண்டோ மூன்றோதான். இதை மறந்துவிட்டு ஆட்களை எண்ணி வகுத்தால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கி, எந்தக் கூற்றையும் வீழ்த்திவிடலாம். இன்றைக்கும் கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்கள் பலருக்கு இந்தப் பயம் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 1999-இல் வெளியான இன்னோர் ஆய்வு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் 48 கிராமங்களைத் தொடர்ந்து பார்த்தது. கண்ணில் கோளாறு உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று அதே பழைய காரணங்கள். அப்பத்தா சொன்ன பட்டியல் அந்த ஆய்வில் அச்சாகி வந்திருந்தது.

நடுவில் ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பிரபலமானது. ஜாவிட், வெங்கடசாமி, சோமர் மூவரும் 1983-இல் எழுதியது. கண் போனதால் வேலை இழந்து ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் வேலைக்குப் போனவர்கள் ஆண்களில் 85 சதவீதம், பெண்களில் 58 சதவீதம் என்றும், முதல் வருஷத்திலேயே ஆபரேஷன் செலவைப்போல் 15 மடங்கு உற்பத்தி திரும்பக் கிடைக்கிறது என்றும் அதில் வருகிறது. நன்கொடை கேட்கிற கூட்டங்களில் எல்லாம் இந்த 1500 சதவீதம் வந்து நிற்கும். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ஆபரேஷன் ஆகாத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தானே எதை எதனோடு சோதிக்கிறோம் என்று சொல்ல முடியும்? அந்த 58 இன்னும் உறுத்துகிறது. மற்ற 42 பேர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மகளைக் கூலிக்கு அனுப்பிவைத்தவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? உற்பத்தி என்று எழுதியதும் அவர்கள் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். டாக்டர் விக்கும் இந்தக் கணக்கு முழுத் திருப்தி தந்திருக்காது என்று நம்ப விரும்புகிறேன். தொண்ணூறு கிராமத்துச் சோதனைக்குப் போன ஆட்கள் அல்லவா.

லென்ஸ் விவகாரத்தில் சோதனை மிகச் சுத்தமாக நடந்தது. எண்பதுகளில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி. அந்தக் காசுக்கு எத்தனையோ பேருக்குப் பழைய ஆபரேஷனைச் செய்து கண்ணாடி கொடுத்துவிடலாமே, ஏழை நாட்டுக்கு லென்ஸ் எதற்கு என்பதுதான் அப்போது பெரிய இடங்களில் நிலவிய அபிப்பிராயம். கணக்குப்படி அது நியாயமாகவே தெரியும். அதை இரண்டு பக்கத்திலிருந்து உடைத்தார்கள். 1992-இல் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் துணை நிற்க, மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸைச் செய்தார்கள். விலை சுமார் 10 டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. விலை இறங்கியது ஒரு பக்கம். லென்ஸ் நிஜமாகவே நல்லதா, நம் ஊர் டாக்டர்கள் கையில், நம் ஊர்க் கூட்டத்தில், நம் ஊர்த் தூசியில் அது தாங்குமா என்பது மறுபக்கம். அதற்காக இரண்டு கண்ணிலும் புரை உள்ள, 40 முதல் 75 வயது வரையிலான 3,400 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய முறையும் கண்ணாடியும், பாதிப் பேருக்குப் புதிய முறையும் லென்ஸும். யாருக்கு எது என்பது மறுபடியும் தற்செயல் ஒதுக்கீடு. வெங்கடேஷ் பிரஜ்னா முதல் ஆசிரியராக 1998-இலிருந்து அந்த முடிவுகள் தொடராக வந்தன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது லென்ஸ் வைத்தவர்களின் பார்வை மேல். வித்தியாசம் தற்செயலால் வந்தது என்று சொல்ல வழியே இல்லை.

அதோடு விடாமல், நடமாட்டம் எப்படி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு அளந்தார்கள். சோடா புட்டிக் கண்ணாடியை மூக்கில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லாம் பெரிசாகவும் பக்கத்திலும் தெரியும், ஓரம் தெரியாது. படிக்கட்டில் கால் வைக்க நினைத்தால் காற்றில் வைப்பார்கள். அப்பத்தாவும் கடைசியில் பழைய முறை ஆபரேஷன் செய்துகொண்டு, அந்தக் கண்ணாடியைத் தலையில் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ஆடு மேய்த்தது. உடைந்தால் மாற்றுக் கண்ணாடி வாங்கும் செலவும், வாங்கும்வரை குருடாகவே இருப்பதும் 'மலிவான' முறையின் சராசரிச் செலவில் சேர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைத் திட்டம் ஓடியது. லென்ஸ் முறை ஊரெங்கும் பரவியது. அடுத்த தகராறு லென்ஸை எப்படி வைப்பது என்பதில் வந்தது. பெரிய கீறல் போட்டுத் தையல் போடுவதா, சின்னக் கீறலில் கையாலேயே எடுப்பதா, அல்லது மிஷினால் உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையா? அரவிந்தில் ஆகும் செலவை முரளிகிருஷ்ணன், வெங்கடேஷ், பிரஜ்னா, ஃபிரிக் ஆகியோர் கணக்கிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். சின்னக் கீறலுக்கு ஒரு கண்ணுக்குச் சுமார் 17 டாலர், பேக்கோவுக்குச் சுமார் 25 டாலர்; இது ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவு. டாக்டர் சம்பளம், நர்ஸ் நேரம், மிஷின் தேய்மானம், நூல், மருந்து என்று பிரித்துப் பிரித்துப் போட்ட கணக்கு. சராசரி இப்படி இறங்கியதற்குக் காரணம் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்தாலே விளங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் டாக்டர் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். டாக்டரின் நிமிஷம்தான் விலை கூடியது; அது வீணாகாமல் பார்த்துக்கொள்ள, கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் சுற்றி நிற்பார்கள். ஆள் கூடக்கூட ஒரு கண்ணுக்கான செலவு இறங்கும். அதனால்தான் முகாமிலிருந்து பஸ் வைத்து ஆட்களைக் கூட்டி வருவது தருமம் மட்டும் இல்லை, கணக்கும்கூட.

இந்த எட்டு டாலர் வித்தியாசம் நிஜமா தற்செயலா என்பதைச் சோதனை சொல்லும். அது கொடுக்கத் தகுந்ததா என்பதைச் சொல்லாது. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டிய லாரி டிரைவருக்கு ஒரு விடை, முற்றிய புரையோடு வரும் கிழவிக்கு வேறு விடை. மிக முற்றிய புரைக்குச் சின்னக் கீறலே வசதி என்பது டாக்டர்கள் சொல்வது; நம் பக்கத்துப் புரைகள் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும்.

நோயாளியின் பக்கத்துச் செலவைக் குறைக்க 2000-களின் நடுவில் இன்னொரு வழி பிறந்தது. தேனி வட்டாரத்துச் சின்ன ஊர்களில் ஒரு வாடகைக் கடை அளவில் பார்வை மையம். பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பார்ப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் பேசுவார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கம்பங்களில் வைஃபை ஆண்டெனா கட்டி இணைப்புக் கொடுத்தார்கள். கட்டணம் அப்போது 20 ரூபாய், மூன்று முறை வரலாம். ஆஸ்பத்திரியின் புத்தகத்தில் இது செலவைக் கூட்டும். நோயாளியின் நோட்டில் ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும் மிச்சம். கண்ணாடி வேண்டியவர்கள், சொட்டு மருந்து வேண்டியவர்கள் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டியதே இல்லை. புரை எடுக்க வேண்டியவர்கள் மட்டும் பஸ் ஏறினார்கள்.